வேலியோரத்து ரோஜாவும் மூன்று மூட்டை உப்பும்

1

ஹாம்பர்க் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டின் அழைப்பு மணி அடிக்கிறது என்றால் காரணம் இரண்டுதான். ஒன்று தீ, இன்னொன்று போலீஸ். பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறேன், மூன்றாவது காரணத்தைக் கண்டதில்லை. ஆகவே போன ஞாயிறு மணி அடித்ததும் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டு ஹெல்கா நின்றிருந்தார். எழுபத்தொன்பது வயது. இரவு உடைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை, காலில் தோட்டத்து ரப்பர் பூட்ஸ்.

"வாருங்கள். நிறம் தெரிகிறது," என்றார்.

எனக்குப் பின்னால் என் மனைவி முத்துலட்சுமி ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு பூவுக்கு இத்தனை அமர்க்களமா என்று ஊரில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள். விஷயம் இதுதான். ஹெல்காவின் கணவர் யூர்கன் தன் கையால் உருவாக்கிய ஒரு ரோஜா இருந்தது. உலகத்திலேயே அந்த ஒரு செடிதான். அதைக் கொன்றவன் நான். அதே ரோஜா என்று நாங்கள் நம்புகிற, ஆனால் சத்தியம் செய்ய முடியாத ஒரு செடியில் இந்த ஜூன் மாதம்தான் முதல் மொட்டு வந்தது. அது பழுத்த பப்பாளி நிறத்தில் விரிந்தால் யூர்கனின் ரோஜா திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். வேறு நிறத்தில் விரிந்தால் அது போனது போனதுதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புலம்பெயர்ந்த ஒருவன் ஒட்டுச்செடி, சொந்த வேர் என்று ஆரம்பித்தாலே, கடைசியில் "நானும் ஓர் ஒட்டுச்செடிதானே" என்று மூக்கை உறிஞ்சுவான் என்று உங்களுக்குப் பயம் வரும். வேண்டாம். நான் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிறவன். இங்கே ஒட்டு என்றால் ஒட்டு, வேர் என்றால் வேர்.

2

எங்களுடையது வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தியது. கடைசி வீடு ஹெல்காவுடையது. நடுவில் இடுப்புயர மரவேலி. வேலிக்கு அந்தப் பக்கம், அவருடைய வாசல் நடைபாதையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண்பாத்தி. அதில்தான் அந்த ரோஜா ஆள் உயரத்துக்கு நின்றது.

யூர்கன் நகரத்துக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். வேலை என்றால் கண் ஒட்டுகிற வேலை. காட்டு ரோஜாவின் அடித்தண்டில் பட்டையைக் கீறி, நல்ல ரோஜாவின் தண்டில் துளிர் விடுகிற ஒரே ஒரு கண்ணை எடுத்து உள்ளே செருகிக் கட்டிவிட வேண்டும். கண் பிடித்ததும் மேலே இருக்கிற காட்டுக் கிளையை வெட்டிவிடுவார்கள். அப்புறம் வேர் காட்டினுடையது, பூ வீட்டினுடையது. நாளெல்லாம் குனிந்தே செய்கிற வேலை. அப்படிக் குனிந்து குனிந்து, தன் சொந்த ஆசைக்கு இரண்டு ரோஜாக்களைச் சேர்த்து விதை எடுத்து ஒரு புது ரோஜாவை வளர்த்திருக்கிறார். பண்ணைக்காரர்கள் பார்த்துவிட்டு, "பூ தலையைத் தொங்கப் போடுகிறது, விற்காது" என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒரே ஒரு குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டு வேலியோரம் ஒட்டிவிட்டார்.

"பெயர் வைக்கவில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விற்காத ரோஜாவுக்கு எதற்குப் பெயர் என்றார்," என்று ஹெல்கா சிரித்தார். யூர்கன் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அந்தப் பூவை நான் பார்த்திருக்கிறேன். மோந்தும் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைத் தோலும் கொஞ்சம் ஏலக்காயும் கலந்த வாசனை. தலை தொங்குவது உண்மைதான். ஆனால் நடைபாதையில் வருகிறவர்களை அது குனிந்து பார்ப்பதுபோல் இருக்கும். பண்ணைக்காரர்களுக்கு வியாபாரம் தெரிந்த அளவுக்கு ரசனை போதாது என்பது என் அபிப்பிராயம்.

3

ரோஜா விஷயத்தில் என் ஜாதகம் தொடக்கத்திலிருந்தே சரியில்லை. நான் வேம்பார் உப்பளத்தில் வளர்ந்தவன். அப்பாவும் அண்ணனும் உப்பு வாருகிறவர்கள். அளத்து மண்ணில் உமரிப் பூண்டைத் தவிர எதுவும் முளைக்காது. முத்துலட்சுமி ஆத்தூர்க்காரி. அவள் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அவள் கை பட்டால் விளக்குமாறும் துளிர்க்கும். எங்கள் கல்யாணமே உப்பையும் கொடியையும் ஒரே பானையில் போட்ட மாதிரி என்று அவள் வீட்டில் கேலி பேசுவார்கள்.

கல்யாணமான புதிதில் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற பாதையில் வாடகை வீடு. ஒருநாள் தள்ளுவண்டியில் ரோஜாச் செடி வந்தது. "ஒட்டுச்செடிம்மா, ஒட்டுச்செடி, கை அகலப் பூ!" என்று கூவினான். புது மனைவிக்கு வாங்கிக் கொடுக்காமல் இருக்க முடியுமா? சிவப்பு ரோஜா, கறுப்புப் பையில், பூத்தபடியே இருந்தது. மூன்று பூ கொடுத்தது. பிறகு அந்த வீட்டு உப்புத் தண்ணீரைக் குடித்து மேலே காய்ந்துவிட்டது. நான் விடவில்லை. அடியிலிருந்து ஒரு குருத்து சாட்டைபோல் கிளம்பியது. டீத்தூள் போட்டேன், முட்டை ஓடு போட்டேன், வேலைக்குப் போகும்முன் நின்று பார்த்துவிட்டுப் போனேன். ஒரு வருடத்தில் ஜன்னல் உயரம் வந்துவிட்டது. பூ மட்டும் இல்லை.

வெற்றிலைக் கட்டோடு வந்த மாமனார் அதன் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"மாப்ளே, தெனமும் இதுக்கா தண்ணி ஊத்துதிய?"

"ஆமா மாமா. நல்லா வருது பாத்தியளா?"

"வரும், வரும். மேல இருந்த ரோசா செத்து வருசம் ஒண்ணாவுது. இது அடிவேரு. காட்டு முள்ளு."

அடுத்த முறை அவர் ஆத்தூரிலிருந்து ஒரு பன்னீர் ரோஜாக் குச்சியை வெட்டி, நுனி காயாமல் இருக்க அதன் தலையில் ஒரு சாணி உருண்டையை வைத்துக் கொண்டுவந்து ஊன்றினார். அது சொந்த வேர் விட்டு வளர்ந்தது. பூ சின்னது. இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். ஆனால் ஒரு கோடையில் மொத்தமாகக் காய்ந்துபோன பிறகும் அடியிலிருந்து அதே பன்னீர் ரோஜாவாகவே வந்தது. அன்றிலிருந்து வெட்டிய ரோஜாக் குச்சியைக் குப்பையில் போடுவது முத்துலட்சுமிக்குப் பாவம். எங்கே கண்டாலும் எடுத்து ஊன்றிவிடுவாள்.

மூன்று வருடம் முந்திய ஜூலையில் ஹெல்கா பூ முடிந்த கிளைகளை வெட்டிப் புல்லில் போட்டிருந்தார். முத்துலட்சுமி வேலிக்கு மேலாக ஏழு குச்சியைக் கேட்டு வாங்கினாள். அதே வாரம் எங்கள் மகள் தாரணி பள்ளிப் படிப்பை முடித்ததற்காகக் கடையில் வாங்கிய பூங்கொத்தும் வாடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நாலு ரோஜாக் குச்சிகள். பதினொன்றையும் காலிப் பெயின்ட் வாளிகளில் ஊன்றினாள். ஹாம்பர்க்கில் சாணிக்கு எங்கே போவது? மஞ்சள்தூளைக் குழைத்து ஒவ்வொரு குச்சியின் தலையிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

ஹெல்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது பூஜையா?"

"மருந்து," என்றேன்.

"சொந்த வேரில் ரோஜா! யூர்கன் இருந்திருந்தால் அழுதிருப்பார். ஓய்வு பெற்றவர்களைப்போல் அது பாட்டுக்கு நிற்கும், எதற்கும் அவசரப்படாது. காட்டு வேரில் ஒட்டினால்தான் பலம்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். முத்துலட்சுமி கையைக் கழுவியபடியே, "பலத்துக்கு ஒட்டு, நம்பிக்கைக்குக் குச்சின்னு சொல்லுங்க," என்றாள். அதை ஜெர்மனில் சொல்ல எனக்குத் துப்பில்லை. "என் மனைவி சம்மதிக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

பதினொன்றில் இரண்டு வேர் விட்டன. எது எந்தக் குச்சி என்று ஐஸ்குச்சியில் பேனாவால் எழுதிச் செருகியிருந்தாள். இந்த ஊர் மழை எழுத்தைக் கழுவிவிட்டது. குளிரில் ஒன்று போனது. மிஞ்சியது ஹெல்காவின் ரோஜாவா, கடைப் பூங்கொத்தா என்று யாருக்கும் தெரியாது.

4

அதற்கு மறு வருடம் அக்டோபரில் தாரணி படிக்க லைப்சிக் நகரத்துக்குப் போனாள். பிள்ளைகள் தூரமாவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் சாப்பாட்டு மேசையில் ஜெர்மன் வரும். பிறகு அவர்களுடைய சிரிப்புக்கு நமக்கு விளக்கம் தேவைப்படும். பிறகு போன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆகும். "என்ன சாப்பிட்ட?" "நூடுல்ஸ்." "குளிரா?" "ஆமா." அவ்வளவுதான். நான் போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். எனக்கு வருத்தம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

கிளம்புகிற அன்று பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெயின்ட் வாளி இருந்தது. அதில் ஒரு சாண் உயரத்துக்கு அந்த ரோஜா.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஜன்னலுக்கு ஏதாவது வேணும்," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவாள் என்றும் நினைத்தேன்.

5

அந்த டிசம்பரில் ஹெல்கா தன் வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸை அழைத்தது நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே காலெடுத்து வைக்கப் பயம். தினமும் ரொட்டிக்கடைவரை நடந்து போய் நாலு பேரிடம் வம்பு பேசிவிட்டு வருகிற மனுஷி அவர்.

இங்கே அவரவர் வீட்டு முன்னால் இருக்கிற பனியை அவரவர்தான் காலையிலேயே அகற்ற வேண்டும். இல்லையென்றால் அபராதம். ஹெல்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவர் வாசலையும் நான் எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் போவதற்கு முன் ஐந்து மணிக்கு எழுந்து மண்வெட்டியால் பனியை வாருவேன். வாரினாலும் அடியில் கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கும். அப்போதுதான் கடையில் அதைப் பார்த்தேன். உப்பு. பத்துக் கிலோ மூட்டை, பனி உருக்க. இத்தனை வருடத்தில் இந்த ஊர்க் கடையில் என் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் ஒரு சந்தோஷம்.

நாங்கள் உப்பை அள்ளுகிற விதமே வேறு. இடுப்போடு கூடையை அணைத்துக்கொண்டு, மணிக்கட்டைச் சுழற்றி, விதைப்பதுபோல் வீசினேன். ஐந்தே நிமிடத்தில் பனி அழுக்குத் தண்ணீராக இளகியது. அந்தச் சேற்றை வாரி எங்கே போடுவது? பக்கத்தில் இருந்த மண்பாத்தியில் போட்டேன். தினமும் போட்டேன். மூன்று மூட்டை தீர்ந்தது. தெருவிலேயே காய்ந்து கிடந்தது ஹெல்காவின் வாசல் மட்டும்தான். ஜனவரி கடைசியில் அவர் கையில் கட்டோடு ரொட்டிக்கடைக்கு நடந்து போனதைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிப்ரவரியில் எல்லா வீட்டுத் தபால்பெட்டியிலும் ஒரு மஞ்சள் துண்டுக் காகிதம் விழுந்தது. அரசாங்க ஜெர்மன் எனக்கு அரைகுறை. ஆனால் படம் போட்டிருந்தார்கள். ஒரு மூட்டை, பக்கத்தில் ஒரு மரம், மேலே சிவப்பில் பெருக்கல் குறி. அகராதியை வைத்து வாசித்தேன். வீட்டு வாசலில் உப்புத் தூவக் கூடாது, மரம் செடி கொடிகள் செத்துப்போகும், மணல் போடுங்கள் என்று எழுதியிருந்தது. கடையில் உப்பு விற்கலாம், வாங்கலாம். தூவினால்தான் குற்றம். இந்த நாட்டுச் சட்டத்தின் நுட்பம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மண்பாத்தியைப் பார்த்தேன். அந்த வார இறுதியில் வேம்பாரில் இருக்கிற அண்ணனிடம் வீடியோவில் பேசும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அண்ணன் அளத்து வரப்பில் நின்றபடி, பின்னால் உப்பு அம்பாரம் தெரிய, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏலே, அளத்துல புல்லு மொளைச்சி பாத்திருக்கியாலே நீ? அங்கன போயி உப்ப வாங்கிப் பூச்செடிக்குப் போட்டிருக்கான்! ஊருக்குள்ள சொல்லிராதலே, மானம் போவும்."

மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

6

மே மாதம் தெருவெல்லாம் பச்சை. யூர்கனின் ரோஜா மட்டும் அடிவரை காய்ந்து, ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. "குளிர்காலம்," என்று மட்டும் சொன்னார் ஹெல்கா. சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் பூட்ஸைப் பார்த்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் முத்துலட்சுமி கேட்டாள். "சொல்லிட்டியளா?"

"சொல்லுதேன்ளா. நேரம் பாத்துச் சொல்லுதேன்."

இரண்டு வாரம் கழித்து அடியிலிருந்து மூன்று குருத்துகள் கிளம்பின. எனக்கு உயிர் வந்தது. "வந்துட்டு! ஏளா, வந்து பாரு!" என்று கத்தினேன். அவள் வந்தாள். குனிந்து ஓர் இலைக்காம்பைப் பிடித்து எண்ணினாள்.

"ஏழு இலை. அந்த ரோசாவுக்கு அஞ்சுதான். இது வேலிமுள்ளு. தூத்துக்குடியில ஒரு வருசம் தண்ணி ஊத்தினியளே, அதேதான். உங்களுக்கு ரோசா செத்தா முள்ளு மேல ஒரு பிரியம் வந்துருதே, அது என்ன?"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. காட்டு வேர் மூன்று மூட்டை உப்பைத் தாங்கிக்கொண்டு எழுந்துவிட்டது. ஹெல்கா சொன்ன பலம் பொய்யில்லை. ஆனால் மேலே இருந்த யூர்கன் போய்விட்டார். அப்போதுதான் முத்துலட்சுமி அந்த வாளியை ஞாபகப்படுத்தினாள்.

தாரணிக்குப் போன் போட்டேன். மூன்று வார முறை வருவதற்கு முன்பே போன் வந்ததில் அவள் பயந்துவிட்டாள்.

"அப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. அந்த ரோஜா வாளி... தூக்கிப் போட்டுட்டியா?"

"எதுக்குப் போடணும்? இங்கனதான் கெடக்கு."

லைப்சிக்கில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு ஹாம்பர்க்கில் வளர்ந்த பெண் "இங்கனதான் கெடக்கு" என்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ஆத்தூர்க்காரியிடம் கற்றது.

"பூத்துச்சா?"

"இல்ல. ஜன்னல்ல வெயில் வராது. இலை மட்டும்தான். ஆனா அம்மா சொன்ன மாதிரி அரிசி கழுவுன தண்ணி ஊத்துறேன்."

அவள் அம்மா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் இவர்கள் இருவரும் வாரத்துக்கு இரண்டுமுறை ரோஜாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

7

ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்தாள், ரயிலில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு. எதிர் இருக்கைக்காரர் இரண்டு முறை முள் குத்தி இடம் மாறிப் போனாராம். செடி முழங்கால் உயரம்தான் இருந்தது. இரண்டு வருடத்து வளர்ச்சி அவ்வளவுதான். ஹெல்கா மூக்குக்கண்ணாடியை மாட்டி இலையைப் புரட்டிப் பார்த்தார், முள்ளைத் தடவிப் பார்த்தார்.

"இருக்கலாம்," என்றார். பிறகு, "இல்லாமலும் இருக்கலாம்."

அதை அப்படியே மண்ணில் நட்டுவிடலாம் என்றாள் முத்துலட்சுமி. ஹெல்கா தலையை ஆட்டினார். உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். யூர்கனின் ஒட்டுக்கத்தி. ஒரு முனையில் அலகு, மறுமுனையில் பட்டையைத் தூக்க எலும்பில் செய்த ஒரு நாக்கு. எப்படியும் அந்தக் காட்டு வேர் உப்பைத் தின்று நிற்கிறது, இந்தச் செடியின் கண்ணை எடுத்து அதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்றார். வாளிச் செடி பிழைத்தால் பிழைக்கட்டும், இரண்டு இடத்தில் இருந்தால் நல்லதுதானே என்றார். முத்துலட்சுமிக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது.

ஆனால் ஹெல்காவின் கையில் கத்தி நிற்கவில்லை. உடைந்த மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. கத்தியை என்னிடம் நீட்டினார். முப்பது டன் தூக்குகிற இரும்புக் கயிற்றைப் பிரித்து முடைந்த கை எனக்கு. அன்றைக்கு ஒரு கடுகளவு கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போனேன். அவர் சொல்லச் சொல்லப் பட்டையை நீளவாக்கில் கீறி, குறுக்கே கீறி, கண்ணைச் செருகினேன். டப்பாவில் இருந்த ரப்பர் கட்டுகள் மக்கித் தூளாகிவிட்டன. முத்துலட்சுமி உள்ளே போய், பூக் கட்ட ஊரிலிருந்து கொண்டுவந்த வாழைநாரை நனைத்து எடுத்து வந்தாள். கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு கட்டுகிற அதே கட்டு. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. தாரணி போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஹெல்கா அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"யூர்கன் உங்கள் மனைவிக்கு வேலை கொடுத்திருப்பார். உங்களுக்கு இல்லை."

மூன்று கண் வைத்தோம். மூன்று வாரத்தில் இரண்டு கறுத்தன. ஒன்று பச்சையாக நின்றது. குளிர்காலம் முழுக்க நான் மணல் மட்டும் தூவினேன். மார்ச்சில் காட்டுக் கிளைகளை வெட்டினோம். ஏப்ரலில் அந்தக் கண் விழித்தது. தாரணி ஆகஸ்ட் விடுமுறை முடிந்ததுமே வாளியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "இது என்னோடது," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவளுடைய செடி கண் கொடுத்த களைப்பில் இன்னும் பூக்கவில்லை.

முத்துலட்சுமி மட்டும் மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தாள். "சொல்லிட்டியளா?"

"பூத்ததும் சொல்லுதேன்."

"கடைப் பூவாப் பூத்தா?"

"அப்பவும் சொல்லுதேன்." சொல்வேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

8

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன். மூவரும் வேலியோரம் நின்றோம். நான் சாரத்தோடு. இதழ்கள் நுனியில் மட்டும் பிரிந்திருந்தன. முதலில் வெறும் மஞ்சளாகத்தான் பட்டது. கடைப் பூங்கொத்தும் மஞ்சள்தான். ஹெல்கா ஒரு காலிப் பூச்சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். சூரியன் கூரைக்கு மேலே வரும்வரை ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். முத்துலட்சுமி காபி போட்டுக் கொண்டுவந்தாள். வெயில் பட்டதும் வெளி இதழ் ஒன்று மெதுவாகப் பின்னால் மடிந்தது. உள்ளே பப்பாளி. நன்றாகப் பழுத்த பப்பாளி. கொஞ்ச நேரத்தில் கனம் தாங்காமல் தலை தொங்கியது.

ஹெல்கா அதன் கீழே முகத்தைக் கொண்டுபோய் வாசனை பிடித்தார். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முத்துலட்சுமி என் முழங்கையைக் கிள்ளினாள். "இப்பவாது சொல்லுங்க."

எனக்கு ஜெர்மன் பதற்றத்தில் கால் வழுக்கும். "ஹெல்கா. உப்பு. நான். மூன்று மூட்டை. ரோஜாவைக் கொன்றது நான்," என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா? எப்போதிலிருந்து?"

"இரண்டாவது மூட்டையிலிருந்து. முதல் மூட்டையின்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன்."

"ஏன் தடுக்கவில்லை?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விழுந்த பிறகு நான் இனி வெளியே போகமாட்டேன் என்றே நினைத்தேன். காலை ஐந்து மணிக்கு விழிப்பு வரும். ஜன்னலில் பார்த்தால் ஒரு மனிதர் கோழிக்குத் தீனி போடுவதுபோல் என் வாசலில் எதையோ வீசிக்கொண்டிருக்கிறார். தினமும். எனக்காக. அவரிடம் போய் 'என் ரோஜா' என்று எப்படிச் சொல்வது? காட்டு வேர் தாங்கும் என்று நினைத்தேன். வேர் தாங்கியது, மேலே இருந்தது தாங்கவில்லை. தப்புக் கணக்குப் போட்டது நானும்தான். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க நான் நடந்தேன்."

முத்துலட்சுமிக்கு நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "நல்ல ஆளுக போங்க ரெண்டு பேரும். ஒருத்தருக்கொருத்தர் மறைச்சி ஒரு வருசம் முழுங்கியிருக்கிய," என்றாள். போனில் தாரணியை எழுப்பிக் காட்டினோம். அவள் கண்ணைத் திறக்காமலே "நம்ம செடி!" என்றாள்.

ஹெல்கா கத்தரியை எடுத்து அந்தப் பூவைக் காம்போடு வெட்டினார். எனக்குப் பகீரென்றது. பூவைக் கிள்ளி முத்துலட்சுமியின் தலையில் செருகிவிட்டு, மிஞ்சிய காம்பை இரண்டு துண்டாக நறுக்கினார். அவற்றை அவள் கையில் கொடுத்து, "மஞ்சள்," என்றார், தமிழிலேயே. அந்தச் சொல்லை எப்போது கற்றார் என்று தெரியவில்லை.

முத்துலட்சுமி மஞ்சளைக் குழைத்து வந்தாள். இரண்டு குச்சிக்கும் ஹெல்காவே பொட்டு வைத்தார். "இந்தத் தடவை பேர் எழுதி வைக்கச் சொல்லுங்க, போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது," என்றாள் முத்துலட்சுமி. பெயர் இல்லாத ரோஜாவுக்கு என்ன எழுதுவார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹெல்கா ஓர் ஐஸ்குச்சியில் எழுதிச் செருகிவிட்டார். குனிந்து வாசித்தேன். ஒரே ஒரு சொல்: உப்பு. பென்சிலால் எழுதியிருந்தார், மழைக்கு அழியாது.